சோவியத்துக்குப் பிந்தைய முதல் நாணயங்கள்: எந்த நாட்டைச் சேகரிப்பது?

1991 முடிவதற்குள் சோவியத் ஒன்றியம் இல்லாமல் போய், அந்த இடத்தில் பதினைந்து நாடுகள் வந்துவிட்டன. ஆனால் எல்லா நாட்டு மக்களின் பையிலும் இருந்த காசு ஒன்றேதான்: சோவியத் ரூபிளும் கோபெக்கும். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் ரஷ்யா நீங்கலான பதினான்கு நாடுகளும் முன்னே பின்னே ரூபிளைக் கைவிட்டுத் தங்களுக்கென்று பணம் ஏற்படுத்திக்கொண்டன. நாணயம் சேகரிப்பவர்களுக்கு இது லேசில் கிடைக்காத வாய்ப்பு. ஒரு நாட்டின் முதல் நாணயம் என்றால் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடியும். இந்த நாடுகளின் முதல் நாணயங்களோ இன்னும் வெளிநாட்டுக் காசு விற்பவர்களின் டப்பாக்களில் கிடக்கின்றன. ஏராளமாக அடித்தார்கள், காலமும் அதிகம் ஆகவில்லை, உலகம் முழுக்கத் தேடி அலையும் கூட்டமும் இன்னும் சேரவில்லை. சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் மனது வைத்தால் நன்றாகவே சேகரிக்கலாம்.

எதை என்பதுதான் கேள்வி. பலரும் செய்வது, பதினான்கு நாட்டிலிருந்தும் ஆளுக்கொரு காசு வாங்கி ஒரு பக்கத்தை நிரப்புவது. அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆல்பம் சீக்கிரம் நிறைந்துவிடும், எந்த நாட்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாமலே அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதன் முதல் வரிசையை முழுதாகச் சேர்த்தால், அந்த நாடு தன் காலில் நிற்கப் பட்ட பாடு முழுவதும் கையில் வந்துவிடும்.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். வரிசை முடிந்துவிட்டதா, இன்னும் நீள்கிறதா என்பது ஒன்று. யூரோவுக்கு மாறிய நாடுகளில் பழைய வரிசை மூடிவிட்டது, அதில் புதிதாக இனி எதுவும் சேராது. உலோகம் இரண்டாவது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: நாணயத்தில் பொறித்திருக்கும் ஆண்டுக்கும், அது கடைவீதிக்கு வந்த நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. விடுதலை வந்த வேகத்தில் பல நாடுகள் நாணயத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டன. ஆனால் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் புதுப் பணத்தை வெளியே விட்டால் அதுவும் கூடவே மதிப்பிழந்துவிடும். அதனால் அடித்த காசைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, தற்காலிகக் கூப்பன்களை வைத்து நாட்டை ஓட்டினார்கள். காசில் இருக்கும் ஆண்டில் அந்தக் காசால் யாரும் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. எத்தனை ஆண்டு அது உள்ளே கிடந்தது என்று பார்த்தால் அந்த நாட்டின் நெருக்கடி தெரியும்.

முதலில் சிலவற்றைத் தள்ளிவிடலாம். கிர்கிஸ்தான் 1993 மே மாதமே சோம் என்ற பணத்தைக் கொண்டுவந்துவிட்டது, மத்திய ஆசியாவில் முந்திக்கொண்டது அதுதான். ஆனால் சில்லறைக்கும் காகித நோட்டுதான் போட்டார்கள். புழக்கத்துக்கான உலோக நாணயம் 2008-இல்தான் வந்தது. தஜிகிஸ்தானின் முதல் நாணயங்களில் 2001 என்று இருக்கும். பெலாரஸ் நிலைமை இன்னும் வினோதம். அங்கே புழக்க நாணயம் என்று ஒன்று 2016 ஜூலைக்கு முன்னால் கிடையாது, அப்போது வெளிவந்த காசுகளிலும் 2009 என்று பொறித்திருக்கிறது. இடைவெளியைத் தேடுகிற எனக்குப் பெலாரஸ் மேல் ஓர் ஈர்ப்பு உண்டு. ஆனாலும் அது கால் நூற்றாண்டு கழிந்து வந்த நாணயம். விடுதலையின் முதல் மூச்சு அதில் இல்லை.

சரி, பால்டிக் கடலோரம் இருக்கும் மூன்று நாடுகளுக்கு வருவோம். மூன்றுமே இன்று யூரோ நாடுகள். எஸ்தோனியா 2011-இலும், லாட்வியா 2014-இலும், லித்துவேனியா 2015-இலும் ஜனவரி முதல் நாளில் மாறின. மூன்று நாடுகளுக்கும் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே சொந்த நாடும் சொந்தக் காசும் இருந்தன. அதனால் 1990-களின் நாணயம் அவர்களுக்குத் திரும்பி வந்த நாணயம். பெயரைக்கூடப் பழைய பெயராகவே வைத்துக்கொண்டார்கள்: குரூன், லாட்ஸ், லிட்டாஸ்.

எஸ்தோனியாவுக்குத் துணிச்சல் அதிகம். 1992 ஜூன் 20 அன்று, கூப்பன் எதுவும் இல்லாமல் நேராகக் குரூனுக்குப் போய்விட்டார்கள். பத்து ரூபிளுக்கு ஒரு குரூன், ஓர் ஆளுக்கு 1500 ரூபிள் வரை. அன்றே எட்டுக் குரூன் ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டிவைத்துவிட்டார்கள். மத்திய வங்கியின் தலைவராக அப்போது இருந்தவர் சீம் கல்லாஸ், பிற்பாடு பிரதமரானவர். இங்கே இடைவெளி மிகச் சிறியது: 5 சென்ட், 10 சென்ட் காசுகளில் 1991 என்ற ஆண்டு இருக்கிறது, மற்றவை 1992-இலிருந்து தொடங்குகின்றன. மூன்று சிங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும் சின்னம் எல்லாவற்றிலும் உண்டு. ஆண்டுவாரியாகச் சேர்க்க ஆசைப்படுபவருக்கு எஸ்தோனியா ஒத்துவரும். 5 சென்ட் 1991, 1992, 1995 என்று மூன்றே ஆண்டுகளோடு நின்றுவிட்டது. 20 சென்ட் பித்தளை நிறத்தில் தொடங்கி 1997-இல் வெள்ளை நிறத்துக்கு மாறியது. 1 குரூனோ நேர்மாறாக, 1992 முதல் 1995 வரை வெள்ளையாக இருந்து 1998-இல் மஞ்சளானது. கட்டுக்கோப்பான, ஒழுங்கான சேகரிப்பு. ஆனால் அந்த நாடு சீக்கிரம் நிலைப்பட்டுவிட்டதால், காசில் தவிப்பு தெரியவில்லை.

அழகு என்று பார்த்தால் மூன்றில் லாட்வியாதான். 1992 என்று பொறித்த எட்டு நாணயங்கள்: 1, 2, 5, 10, 20, 50 சன்டிம், அப்புறம் 1 லாட்ஸ், 2 லாட்ஸ். 50 சன்டிமில் ஓர் இளம் பைன் கன்று, 1 லாட்ஸில் துள்ளும் சால்மன் மீன், 2 லாட்ஸில் ஒரு பசுமாடு. மன்னர் இல்லை, தலைவர் இல்லை, போர்வீரன் இல்லை. விடுதலை பெற்றவுடன் ஒரு நாடு தன் உயர்ந்த நாணயத்தில் மாட்டைப் போட்டது எனக்கு மிகவும் பிடிக்கும். சிற்பி யானிஸ் ஸ்ட்ருபுலிஸ், ஓவியர் குனார்ஸ் லூசிஸ் இருவரின் உழைப்பு இந்த வரிசையில் இருக்கிறது. லாட்ஸ் 1993 மார்ச்சில் திரும்பி வந்தது. அதற்கு முன் ஓடிய இடைக்காலப் பணமான லாட்விய ரூபிளை மத்திய வங்கித் தலைவர் ஐனார்ஸ் ரெப்ஷேயின் பெயராலேயே மக்கள் அழைத்தார்கள். 200 கொடுத்தால் ஒரு லாட்ஸ். எட்டு நாணயம் சேர்ப்பது எளிது. கட்டுப்பாடு வைத்துக்கொள்வதுதான் கடினம். 2001-இல் நாரை போட்ட 1 லாட்ஸ் வந்தது, அப்புறம் எறும்பு, காளான் என்று அடுத்தடுத்து வந்தன. அவற்றின் பின்னால் போனால் முதல் வரிசை மறந்துபோகும்.

லித்துவேனியாவை இந்த மூன்றில் முதலிடத்தில் வைப்பேன். அதன் முதல் வரிசையில் ஒன்பது நாணயங்கள்: அலுமினியத்தில் 1, 2, 5 சென்ட், வெண்கலத்தில் 10, 20, 50 சென்ட், செம்பு நிக்கல் கலவையில் 1, 2, 5 லிட்டாஸ். ஒன்பதிலும் 1991 என்ற ஒரே ஆண்டு. ஒன்பதிலும் குதிரைமேல் வாளை ஓங்கியபடி பாய்கிற வீரன், அந்த நாட்டின் பழைய அரசுச் சின்னமான வீடிஸ். 1991 அவர்களுக்கு வெறும் எண் இல்லை. 1990 மார்ச் 11-இல் விடுதலை அறிவித்துவிட்டார்கள். 1991 ஜனவரி 13 அன்று வில்னியஸ் நகரில் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சோவியத் படை கைப்பற்றியபோது, ஆயுதமில்லாமல் கூடி நின்றவர்களில் பதினான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மாஸ்கோ அவர்களின் விடுதலையை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டைத்தான் நாணயத்தில் பொறித்திருக்கிறார்கள்.

ஆனால் லிட்டாஸ் மக்கள் கைக்கு வந்தது 1993 ஜூன் 25-இல். நடுவில் தலோனஸ் என்ற கூப்பன் பணம் ஓடியது. அதில் விலங்குப் படங்கள் இருந்ததால் உயிரியல் பூங்கா டிக்கெட் என்று மக்கள் கேலி செய்தார்கள். தாமதத்துக்கு ஒரு காரணம் நோட்டுகள். அமெரிக்காவில் அச்சான முதல் லிட்டாஸ் நோட்டுகளில் கள்ள நோட்டைத் தடுக்கும் அம்சங்கள் போதாது என்று தெரியவந்து, அது நாட்டையே உலுக்கிய விவகாரம் ஆனது. நோட்டுக்காக நாணயமும் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 100 தலோனஸுக்கு ஒரு லிட்டாஸ் கொடுத்தார்கள். 1997, 1998-இல் 10 சென்ட் முதல் 5 லிட்டாஸ் வரை எல்லாம் வேறு உலோகத்துக்கும் வடிவத்துக்கும் மாறின. 2, 5 லிட்டாஸ் இரட்டை உலோக நாணயமாயின. ஆகவே 1991 வரிசை தனித்து நிற்கிறது. ஒன்பதையும் நல்ல நிலையில் சேர்த்து ஒரே அட்டையில் அடுக்கினால் சேகரிப்பு முழுமை பெற்றுவிடும். முதல்முறை சேகரிக்க வருகிற பிள்ளைகளுக்கு, வேலைப்பளுவால் நேரமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

காகசஸ் பக்கம் போனால் மூன்று நாடுகளுக்கும் மூன்று விதமான குணம். அர்மீனியாவின் த்ராம் 1993 நவம்பர் 22-இல் வந்தது. முதல் நாணயங்களில் 1994 என்று இருக்கும். 10, 20, 50 லுமா, 1, 3, 5, 10 த்ராம் என்று ஏழு. ஏழும் அலுமினியம். எடையே இல்லாத காசு. விரலில் எடுத்தால் பொம்மைக் காசு போல இருக்கும், ஆனால் அந்த லேசான எடைக்குள் போர், முற்றுகை, மின்சாரம் இல்லாத குளிர்காலங்கள் எல்லாம் இருக்கின்றன. கராபாக் பகுதிக்காக அஜர்பைஜானோடு சண்டை நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அலுமினியத்தை விட்டால் வேறு வழியும் பெரிதாக இருந்திருக்காது. சேகரிப்பவர் என்ற முறையில் சொன்னால், கீறல் இல்லாத அலுமினிய நாணயம் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் காப்பாற்றுவது அதைவிடக் கடினம். அஜர்பைஜானின் 5, 10, 20, 50 கபிக் காசுகளில் 1992, 1993 ஆண்டுகள் உண்டு. விலையேற்றம் அவற்றைச் சீக்கிரமே பயனற்றதாக்கிவிட்டது. 2006-இல் 5000 பழைய மனாட்டுக்கு ஒரு புது மனாட் என்று மாற்றி, நாணயங்களையும் புதிதாகப் போட்டார்கள்.

ஜார்ஜியாவைத்தான் நின்று பார்க்க வேண்டும். 1993 என்று பொறித்த ஆறே ஆறு காசுகள்: 1, 2, 5, 10, 20, 50 டெட்ரி. 50 மட்டும் பித்தளை, மற்ற ஐந்தும் துருப்பிடிக்காத எஃகு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கலைப்பொருள் இருக்கிறது. 1 டெட்ரியில் திராட்சைக் கொடி, 2-இல் மயில், 5-இல் தொல்லியல் அகழ்வில் கிடைத்த தங்கச் சிங்கம், 10-இல் சிங்கத்தின் மேல் அமர்ந்த புனித மாமாய். 20 டெட்ரியில் இருப்பது நிகோ பிரோஸ்மானி வரைந்த மான். வாழ்நாள் முழுக்க வறுமையில் உழன்று, கள்ளுக்கடைகளுக்குப் படம் வரைந்து கொடுத்து 1918-இல் இறந்த ஓவியர் அவர். 50-இல் சம்தாவிசி தேவாலயச் சுவரில் செதுக்கிய, சிங்க உடலும் பறவைத் தலையும் கொண்ட புராண விலங்கு. இதெல்லாம் 1993-க்கான நாணயம். ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலில் புழக்கத்துக்கு வந்தது கூப்பன் லரி. அதன் மதிப்பு எப்படிச் சரிந்தது என்றால், பத்து லட்சம் என்று அச்சிட்ட நோட்டே 1994-இல் வந்தது. 1995 அக்டோபர் 2 அன்று அந்தப் பத்து லட்சம் கூப்பனுக்கு ஒரு லரி கொடுத்து, அதன் சில்லறையாக இந்த ஆறு காசுகளையும் வெளியே விட்டார்கள். மானும் மயிலும் இரண்டு ஆண்டு காத்திருந்தன. குறைந்த காசு, நிறைந்த கலை, நல்ல உலோகம். செலவும் இடமும் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் பார்க்கப் பார்க்கத் தீரக் கூடாது என்பவர் ஜார்ஜியாவைத் தயங்காமல் எடுக்கலாம்.

மத்திய ஆசியாவில் சேகரிக்க என்றால் கஜகஸ்தானைத்தான் முதலில் சொல்வேன். டெங்கே நோட்டுகளை இங்கிலாந்தில் அச்சடித்து, ரகசியமாக விமானத்தில் கொண்டுவந்து, 1993 நவம்பர் 15 அன்று 500 ரூபிளுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். முதல் நாணயங்கள் ஜெர்மனியில் அடிக்கப்பட்டன. 2, 5, 10, 20, 50 தியின் காசுகளில் நாட்டின் சின்னம், 1, 3, 5, 10 டெங்கே காசுகளில் பழைய புல்வெளி மக்களின் கலையிலிருந்து எடுத்த விலங்கு உருவங்கள். இந்த விலங்கு வரிசைக்காகவே வாங்கலாம். 3 டெங்கே இருப்பதைக் கவனியுங்கள். சோவியத் காலத்தில் 3 கோபெக் காசும் 3 ரூபிள் நோட்டும் பழக்கத்தில் இருந்தவை. ஆட்சி போன பிறகும் மூன்று போகவில்லை. அர்மீனியாவில் 3 த்ராம், உஸ்பெகிஸ்தானில் 1994-இன் 3 தியின், 2001-இல் வந்த தஜிகிஸ்தானின் 3 சோமோனி வரைக்கும் அது தொடர்கிறது. இந்த மூன்றுகளை மட்டும் தனியே சேர்த்து வைக்கலாம் என்று எனக்கு வெகுநாளாக ஓர் எண்ணம் உண்டு. துர்க்மெனிஸ்தானின் 1993 காசுகளில் அப்போது பதவியில் இருந்த அதிபர் நியாசோவின் முகமே இருக்கிறது. வரலாற்றுச் சான்று என்ற வகையில் ஒரு காசு வைத்துக்கொள்ளலாம், வரிசையாகச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மால்டோவாவின் அலுமினிய பானிகள் 1993-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் அப்படியே தொடர்ந்தன, முதல் வரிசை எது என்று கோடு போடுவது சிரமம்.

இனி உக்ரைன். நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் ஒரே ஒரு நாடுதான் என்றால் என் தேர்வு இதுதான்.

1991 ஆகஸ்ட் 24-இல் விடுதலை அறிவிப்பு, டிசம்பர் முதல் நாள் வாக்கெடுப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆதரவு. 1992 ஜனவரியில் கார்போவனெட்ஸ் என்ற தற்காலிகக் கூப்பன்களைப் புழக்கத்தில் விட்டார்கள். அதே ஆண்டிலேயே ஹிரிவ்னியா என்ற நிரந்தரப் பணத்துக்கான வேலையும் தொடங்கிவிட்டது. வாசில் லோபாட்டா என்ற ஓவியர் நோட்டுகளை வரைந்தார், முதல் நோட்டுகள் கனடாவில் அச்சாகின. நாணயங்களை இரண்டு இடங்களில் அடித்தார்கள். ஒன்று இத்தாலியின் அரசு நாணயச்சாலை. மற்றொன்று உக்ரைனின் கிழக்குக் கோடியில் இருக்கும் லுஹான்ஸ்க் நகரத்துத் தோட்டா தொழிற்சாலை. நாட்டில் நாணயச்சாலை இல்லை, ஆனால் உலோகத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரங்கள் அங்கே இருந்தன. சோவியத் படைக்குத் தோட்டா செய்துகொடுத்த ஊர் புது நாட்டுக்குச் சில்லறை அடித்தது. கீவ் நகரில் தேசிய வங்கியின் சொந்த நாணயச்சாலை 1998-இல்தான் திறந்தது.

அடித்த காசு எல்லாம் உள்ளேயே இருந்தது. 1993-இல் உக்ரைனின் விலைவாசி ஓராண்டில் 10,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த நெருப்பில் புதுப் பணத்தைப் போட யாருக்கும் துணிவு வரவில்லை. 1996 செப்டம்பர் 2 அன்று, விக்டர் யூஷ்சென்கோ மத்திய வங்கித் தலைவராக இருந்தபோது, 1,00,000 கார்போவனெட்ஸுக்கு ஒரு ஹிரிவ்னியா என்று மாற்றம் தொடங்கி இரண்டு வாரத்தில் முடிந்தது. 1992 என்று பொறித்த கொபிய்காக்கள், அதாவது ஹிரிவ்னியாவின் சில்லறைக் காசுகள், அன்றுதான் வெளிச்சத்தைப் பார்த்தன. நான்கு ஆண்டு இடைவெளி. லித்துவேனியாவும் ஜார்ஜியாவும் காத்திருந்ததைப்போல் இரு மடங்கு.

உக்ரைனை எடுத்தால் அதற்குள்ளேயே இன்னொரு தேர்வு இருக்கிறது. மதிப்புக்கு ஒன்றாக எடுத்தால் 1, 2, 5, 10, 25, 50 கொபிய்கா, 1 ஹிரிவ்னியா என்று ஏழு. 1, 5, 10, 25, 50 ஐந்தும் 1992 ஆண்டில் எளிதாகக் கிடைக்கும். புதியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: ஏழையும் 1992 ஆண்டிலேயே சேர்க்க வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். 1992 ஆண்டிட்ட 2 கொபிய்காவும் 1 ஹிரிவ்னியாவும் சோதனைக்காக அடித்தவை, மிக அரியவை, விலையும் அந்த உயரத்தில். அவற்றுக்குப் போலிகளும் உண்டு. 2 கொபிய்காவை 1993 அல்லது 1994 ஆண்டில் அலுமினியமாக வாங்குங்கள், ஹிரிவ்னியாவை 1995 அல்லது 1996-இல் வாங்குங்கள். அது குறைவுபட்ட வரிசை இல்லை. நாடு உண்மையில் புழங்கிய காசு இதுதான்.

இன்னொரு வழி, ஒரே காசின் உள்வேறுபாடுகளைத் தேடுவது. உக்ரைனியச் சேகரிப்பாளர்களின் உயிர்மூச்சு இது. இத்தாலியில் ஒரு அச்சு, லுஹான்ஸ்கில் இன்னொரு அச்சு. அச்சுகள் தேயத் தேய மாற்றினார்கள், மாற்றும்போது சின்னச் சின்ன வித்தியாசங்கள் நுழைந்தன. 50 கொபிய்கா 1992-இன் அலங்காரத்தில் இருக்கும் பழக்கொத்தில் நான்கு பழமா, ஐந்து பழமா? விளிம்பில் வரிகள் நெருக்கமா, அகலமா? எண்ணின் ஓரத்துக்கும் பக்கத்துக் கோட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? ஒரு நல்ல லென்ஸும் பொறுமையும் போதும். கிலோ கணக்கில் விற்கும் கலப்புக் காசு ஒரு பை வாங்கினால் மாதக்கணக்கில் பிரித்துக்கொண்டிருக்கலாம். எந்தக் காசு ரோமில் பிறந்தது, எது தோட்டா தொழிற்சாலையில் பிறந்தது என்று கண்ணாலேயே சொல்லப் பழகிவிட்டால், வேறு எந்த நாட்டுச் சேகரிப்பிலும் அந்த மகிழ்ச்சி கிடைக்காது. லுஹான்ஸ்க் 2014 முதல் கீவின் கட்டுப்பாட்டில் இல்லை என்பதை நினைத்தால் அந்த அச்சுக் காசுகளை நான் இன்னும் கவனமாகத்தான் எடுத்து வைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. உள்வேறுபாட்டு வழியில் விலை என்பது முழுக்கச் சேகரிப்பாளர்களுக்குள் ஏற்பட்ட மதிப்பு. ஒரு கோடு தள்ளி இருப்பதற்காகப் பல மடங்கு விலை சொல்வார்கள். விளிம்பும் சேர்த்துத் தெளிவான படம் தராத விற்பனையாளரிடம் அப்படிப்பட்ட காசை வாங்காதீர்கள். ஆண்டு எண்ணைச் சுரண்டி மாற்றியதும் சந்தையில் உண்டு. பையில் கிடைத்தால் சந்தோஷம், காசு கொடுத்து வாங்கத் தொடங்கினால் அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஹிரிவ்னியா வருவதற்கு முன், 1995-இலும் 1996-இலும், கார்போவனெட்ஸ் மதிப்பிலேயே நினைவு நாணயங்கள் போட்டார்கள். செம்பு நிக்கலில் 2,00,000 கார்போவனெட்ஸ். ஒரு காசில் இரண்டு லட்சம் என்று பொறித்திருப்பதே அந்தக் காலத்தைச் சொல்லிவிடும். வந்த கொஞ்ச காலத்திலேயே அந்தப் பணம் மாறிப்போனதால், வரிசை சின்னது, முடிந்துபோனது. பதினேழாம் நூற்றாண்டுக் கோசாக் தலைவர் போஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி, செர்னோபில் பேரழிவின் பத்தாண்டு நினைவு, இரண்டாம் உலகப் போருக்காகச் சோவியத் அரசு பட்டம் கொடுத்த வீர நகரங்கள் என்ற வரிசையில் கீவ், ஒடேசா, செவஸ்தோபோல், கெர்ச். கடைசி இரண்டும் கிரிமியாவில் இருக்கின்றன, 2014-இல் ரஷ்யா கைப்பற்றிய இடம். உக்ரைன் அரசு 1995-இல் தன் நகரம் என்று பொறித்து வெளியிட்ட நாணயம் இன்று வேறொரு கனத்தோடு இருக்கிறது. புழக்கக் காசுகளைவிட இவற்றுக்குச் செலவு கூடும், ஆனால் எட்டாத உயரம் இல்லை.

உலோகத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நம் கடலோர ஊர்களில் சேகரிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அலுமினியக் காசில் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிடும். லித்துவேனியாவின் சிறு சென்ட்கள், அர்மீனியாவின் ஏழும், உக்ரைனின் 2 கொபிய்காவும் இந்த ஆபத்தில் இருப்பவை. ஜார்ஜியாவின் எஃகும், உக்ரைனின் 1, 5 கொபிய்கா எஃகும் நன்றாகத் தாங்கும். உக்ரைனின் 10, 25, 50 பித்தளை, கறுக்கத்தான் செய்யும். குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், மேற்பரப்பு போய்விடும், பழக்கொத்தின் கோடும் கூடப் போய்விடும், அப்புறம் அது எந்த அச்சு என்று யாராலும் சொல்ல முடியாது. பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து அட்டை ஹோல்டரில் போட்டு, டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, மழைக்காலத்துக்கு முன் அதை மாற்றினால் போதும்.

உக்ரைனை யாருக்குப் பரிந்துரைக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் முடித்து நிம்மதியடைய வேண்டும் என்ற மனம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். உள்வேறுபாடுகளுக்கு முடிவே கிடையாது, அது அவர்களை வதைக்கும். அவர்கள் லித்துவேனியாவின் ஒன்பதையோ ஜார்ஜியாவின் ஆறையோ எடுக்கட்டும். வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்றால் லாட்வியாவின் மீனும் மாடும் போதும். ஆண்டு வரிசையில் ஒழுங்கு பிடிக்கும் என்றால் எஸ்தோனியா.

உக்ரைன்தான் என்று முடிவு செய்தவர்கள் வாங்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் 1992 ஆண்டிட்ட ஐந்து காசுகளையும் யு.என்.சி. நிலையில், புழக்கத்துக்கே போகாதவையாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாம் மலிவுதான், தேய்ந்த காசை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்து 2 கொபிய்கா, 1 ஹிரிவ்னியா. அதற்குப் பிறகு ஒரு பை கலப்புக் காசு வாங்கி 50 கொபிய்காக்களை மட்டும் தனியே எடுத்து, பழங்களை எண்ணத் தொடங்குங்கள். சில வாரங்கள் அதில் கண் பழகிய பின்தான் உள்வேறுபாடுகளுக்குப் பணம் செலவழிக்கலாமா என்று யோசிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று தோன்றினால் அந்தப் பணத்தை 2,00,000 கார்போவனெட்ஸ் பக்கம் திருப்புங்கள், அதிலும் கெர்ச், செவஸ்தோபோல் இரண்டையும் முதலில் வாங்குங்கள்.